பாடகர் இல்லாத மூவர்: உவர்மலையில் ஒரு ஜாஸ் மாலை

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு திருகோணமலை உவர்மலை வீட்டு முற்றத்தில் வாசிக்க இந்த மூவர் ஜாஸ் குழுவைப் பிடித்தோம். கீபோர்ட், பேஸ் கிற்றார், டிரம்ஸ், அவ்வளவுதான். "பாட்டில்லாமல் என்ன கச்சேரி பிள்ளை?" என்று கேட்ட பெரியம்மாதான் கடைசிவரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

மூவரும் முன்பு கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று சுற்றிய இசைக்குழுவில் இருந்தவர்கள். பாடகர் கட்டாருக்குப் போக, குழு கலைந்தது. மிஞ்சியவர்கள் பாட்டை வாத்தியத்திலேயே சொல்ல வேண்டியதாயிற்று. ஒத்திகை பாலையூற்றில், கீபோர்ட்காரர் வீட்டு முன்னறையில். அடுத்த அறையில் கைக்குழந்தை தூங்கும். அதனால் டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டுக் கம்பி பிரஷை எடுத்தார். இவர்களின் ஓசை அங்கேதான் பிறந்தது என்பேன்.

அந்தப் பிரஷ் வேலையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். இடது கை ஸ்னேர் டிரம்மின் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க, வலது கை இடையிடையே சின்னத் தட்டுகளைப் போடுகிறது. தாளம் நமக்குத் தெரிந்த பைலா ஆட்டப்பாட்டின் ஆறு-எட்டு (6/8) தாளம்தான். வேகத்தைப் பாதியாகக் குறைத்ததும் அது வால்ட்ஸ் என்ற மூன்றடி நடனம்போல அசையத் தொடங்குகிறது. கீபோர்ட்காரர் பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த இலங்கையர்) குடும்பம். தாத்தா கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா என்ற பறங்கியர் நடன இசைக்கு வயலின் வாசித்தவராம். பைலா கிளைத்ததே அந்த இசையிலிருந்துதான். இரவல் வாங்கிய தாளமாக அது ஒலிக்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

அப்புறம் பேஸ். அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸ் 1959இல் பேஸுக்கு ஸ்கொட் லஃபாரோ, டிரம்ஸுக்கு போல் மோஷன் இருவரையும் சேர்த்து அமைத்த ட்ரையோவை, அதாவது மூவர் குழுவைத்தான் இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அதில் பேஸ் பின்னால் நின்று துணை வாசிப்பதோடு நிற்காது, பியானோவோடு சரிசமமாகப் பேசும். நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் 1961 ஜூன் 25இல் பதிவானதைக் கேட்டால் விளங்கும். அடுத்த மாதமே லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். வயது 25. நம்மவர்கள் அதைக் கொப்பி அடிக்கவில்லை. பழைய பொப்பிசைப் பாட்டொன்றின் பல்லவியைக் கீபோர்ட் பாதியில் விட, மிச்ச அடியைப் பேஸ் எடுத்து முடித்தது. அப்பா "ஆகா!" என்று தொடையில் தட்டினார்.

குறையும் உண்டு. கீபோர்டின் பியானோ ஒலி மேலே போகப் போகத் தகரம் தட்டுவதுபோல் கேட்கிறது, நல்லதொன்று வாங்கவேண்டும். இடைவேளையும் நீளம்.

ஆட்டம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இவர்கள் சரிவரமாட்டார்கள். பெரிய மண்டபமும் வேண்டாம், பிரஷ் சத்தம் பின் வரிசைக்குப் போகாது. ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். பாதிப் பணம் முன்கூட்டியே கேட்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து வயர் இழுத்து முடித்துவிட்டார்கள். மே முதல் செப்ரெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு சீசன். அந்த நாட்களில் சனி ஞாயிறு கிடைப்பது கஷ்டம், நேரத்தோடு சொல்லிவைக்க வேண்டும். அம்மாவின் பிறந்தநாள் மார்கழியில், அடைமழைக் காலம். முற்றம் சரிவராது, விறாந்தையில் வாசிக்க இப்போதே கேட்டுவைத்திருக்கிறோம்.