ஜிம்னியா, ஜி 63-ஆ: முதலில் டயரைப் பாருங்கள்

ஒரு எஸ்யூவி கல்பாதைக்கு ஆகுமா ஆகாதா என்பதை ஷோரூமிலேயே தெரிந்துகொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் படித்தால் போதும். மாருதி ஜிம்னியில் 195/80 ஆர்15 என்று இருக்கும். 195 என்பது மி.மீ.யில் டயரின் அகலம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் அளவு. 195-ல் 80 சதவீதம், அதாவது ரிம்முக்குக் கீழே 156 மி.மீ. உயரத்துக்கு ரப்பர் பக்கச்சுவர். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜி 63-ல் பலரும் விரும்பிக் கேட்கும் 22 அங்குல ரிம்முக்கு 295/40 டயர். கணக்குப் போட்டால் 118 மி.மீ. ரேஞ்ச் ரோவரின் 23 அங்குல ரிம்மில் 285/40: வெறும் 114.

வண்டியின் தலையெழுத்து இந்த 40 மி.மீ.யில்தான் இருக்கிறது. கல்பாதையில் இறங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை டயரில் காற்றைக் குறைப்பது. 18 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை இறக்கினால் டயர் அகலப் படிந்து கல்லைக் கவ்வும். மணலில் 15 வரைகூடப் போகலாம். இப்படி இறக்கப் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். இரண்டரை டன் எடையைத் தாங்கும் 118 மி.மீ. டயரில் காற்றைக் குறைத்தால், கூர்கல் மோதும்போது ரப்பர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பக்கவாட்டில் கிழியும். அந்தக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட வழியில்லை. டயரையே மாற்ற வேண்டும். மலையடிவாரத்து டயர் கடையில் 22 அங்குல டயரைத் தேடிப் பயனில்லை.

இதனால் ஜி 63-ஐக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1979 முதல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உருவாகிவரும் வண்டியின் வாரிசு அது. லேடர் சேசிஸ் (ஏணி வடிவ அடிச்சட்டம்), லோ ரேஞ்ச் (மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு நகர்த்தும் கியர்), நடு–பின்–முன் என மூன்று டிஃப் லாக் (ஒரு சக்கரம் சும்மா சுழலாமல் எல்லாம் சேர்ந்து சுழலும்படி பூட்டும் அமைப்பு), 700 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் திறன் எல்லாம் உண்மையானவை. லாக் விஷயத்தில் ஜிம்னி அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் 2024 அக்டோபரில் இந்தியாவில் அதன் ஷோரூம் விலை 3.60 கோடி ரூபாய்; அகலம் ஏறக்குறைய 1.98 மீட்டர். முள்வேலியும் பாறையும் நெருக்கும் எஸ்டேட் பாதையில் அந்த பெயிண்டை உரச விடும் மனசு யாருக்கு வரும்? அடியில் இருக்கும் இயந்திரத்தின் திறமையை ரிம்மும் விலையும் கட்டிப்போட்டுவிடுகின்றன. மூணாறுக்கு அருகே சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் நாள்தோறும் ஆட்களை ஏற்றிப்போவது லீஃப் ஸ்பிரிங் போட்ட பழைய மகிந்திரா ஜீப்புகள்தான். ஒடுங்கிய உடல், சின்ன ரிம், பக்கத்து ஊரிலேயே கிடைக்கும் பாகங்கள். அங்கே வேண்டியது அவ்வளவுதான்.

2023 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி அந்த ஜீப்புக்கு நெருங்கிய சொந்தம். அகலம் 1,645 மி.மீ., எடை சுமார் 1.2 டன், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு), காயில் ஸ்பிரிங். மேனுவல் கியரில் லோ ரேஞ்சும் முதல் கியரும் சேர்ந்தால் மொத்த விகிதம் ஏறத்தாழ 36:1, அதாவது எஞ்சின் 36 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஐடிலில் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில், ஆக்சிலேட்டரைத் தொடாமலே, பாறைமேல் ஊர்ந்து ஏறும். நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைவிட இறக்கத்தில் வேகத்தை எஞ்சினே பிடித்துவைப்பது கூடுதல் என்பதால் மலைப்பாதைக்கு மேனுவலையே வாங்குங்கள்.

டிஃப் லாக்குக்குப் பதில் ஜிம்னியில் இருப்பது பிரேக் மூலம் வேலை செய்யும் முறை. அந்தரத்தில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும். பலர் தவறுவது இங்கேதான். சக்கரம் சுழன்றதும் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள், முறையும் நின்றுபோகிறது. எஞ்சினை 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுற்று) அளவில் சீராகப் பிடித்து ஓரிரு நொடி பொறுத்தால் வண்டி தானே நகரும். தொடர்ந்து இப்படியே ஏற வேண்டிய இடமென்றால் பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக் உள்ள மகிந்திரா தார் மாடலைப் பாருங்கள்.

இன்னொரு தவறு, காய்ந்த தார் ரோட்டில் 4எச்-ல் (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் சாதாரண வேக நிலை) ஓட்டுவது. ஜிம்னியில் நடு டிஃபரென்ஷியல், அதாவது முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர், கிடையாது; வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் போகின்றன; அந்த வித்தியாசம் முறுக்காக ஷாஃப்ட்டிலும் கியரிலும் சேரும். லிவர் இறுகிக்கொண்டால் இழுத்து மல்லுக்கட்டாமல் நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், விடுபடும். 4எல் (லோ ரேஞ்ச் நிலை) போடும்போது வண்டி முழுதாக நிற்க வேண்டும்.

குறைகளும் உண்டு. 134 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை), அதுவும் 4,000 ஆர்பிஎம்மில்தான்; நான்கு பேரும் சாமானுமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் இரண்டாவது கியரைவிட்டு வர முடியாது. டிக்கி 208 லிட்டர்தான். மூன்று கதவு மாடலைவிட வீல்பேஸ் 340 மி.மீ. நீளம் என்பதால் நடுவயிறு மேட்டில் தட்டும். ராம்ப் கோணம் (நடுவயிறு தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம்) 24 டிகிரி. மேட்டைச் சற்றுச் சாய்வாக ஏறிக் கடப்பது நல்லது.

ஃபார்ச்சூனர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே உயரம், அதே கம்பீரத்தோடு, பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் 4x2 மாடலும் விற்கிறது. ஈரப் புல்வெளியில் பின்சக்கரம் வழுக்கினால் அந்தக் கம்பீரம் உதவிக்கு வராது; டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். 4x4-ல் லோ ரேஞ்சும் பின் டிஃப் லாக்கும் வருகின்றன.

ஜிம்னியை வாங்கியவுடன் 18 அங்குல அலாய் மாட்டுவோர் அந்த 156 மி.மீ.யைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காசில் காற்றடிக்கும் கம்ப்ரஸர், பிரஷர் கேஜ், இழுவைக் கயிறு, இரண்டு ஷேக்கிள் (கயிற்றை வண்டியில் மாட்டும் இரும்பு வளையம்) வாங்குங்கள். ஆழமான ஓடையைக் கடந்து வந்த பிறகு முன், பின் டிஃபரென்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.