வேப்பெண்ணெயா, சவுக்காரத் தண்ணியா? மலைநாட்டு வீட்டுத்தோட்டத்து அசுவினிக்கு எது சரி

போன மாசியில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் கோவாப் பாத்தியில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். நரம்பை ஒட்டிச் சாம்பல் தூவின மாதிரி ஒரு திட்டு. விரலால் தேய்த்ததும் பிசுபிசுத்தது. அசுவினி, அதாவது அழுக்கணவன், இலைச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. நாலு நாளில் அடுத்த பாத்திப் போஞ்சிக் கொழுந்திலும் கறுப்பாக அப்பிக்கொண்டது.

இரசாயன மருந்து அடிப்பதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவெடுத்து நாலைந்து வருடம் ஆகிறது. 2021 மே மாதம் உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் இறக்குமதித் தடை வந்ததே, அப்போது வேறு வழியில்லாமல் தொடங்கினோம். நவம்பரில் தடை எடுபட்ட பிறகும் பழையபடி திரும்பவில்லை. பிள்ளைகள் பாத்தியில் இருந்தே கரட்டைப் பிடுங்கித் துடைத்துத் தின்கிறார்கள். அது ஒன்றே எனக்குப் போதும்.

இந்தத் தடவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோவாப் பாத்திக்கு வேப்பெண்ணெய், மற்றதற்குச் சவுக்காரத் தண்ணி. என் கட்சி சவுக்காரம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடலாம். மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டின தேயிலைச் சுள்ளி, எரித்த அடுப்புச் சாம்பல் காய்ந்த நாளில் கொஞ்சம் உதவும், ஒரு தூறலில் போய்விடும். வெள்ளைப்பூண்டும் கொச்சிக்காயும் அரைத்த கரைசல் பூச்சியை அண்டவிடாமல் வைக்கலாம், ஏற்கெனவே அப்பியிருப்பதை அது அசைப்பதை நான் பார்த்ததில்லை. புகையிலைக் கசாயம் வேண்டவே வேண்டாம். இயற்கைதானே என்பார்கள். ஆனால் நிக்கொட்டின் மனிதருக்கும் நஞ்சு, போதாக்குறைக்குத் தக்காளிக்குப் புகையிலைத் தேமல் வைரசையும் கொண்டுவந்து சேர்க்கும்.

சரி, வேம்பு. நல்ல மருந்து, அதில் சந்தேகம் இல்லை. அதில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது. சாறு உறிஞ்சுவதைக் குறைக்கும், குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். அதனால் மூன்று நாலு நாள் பொறுக்க வேண்டும். மாசி வெயிலில் பொறுத்தேன், வேலை செய்தது. ஒரு வாரத்தில் அந்தப் பாத்தியில் புதுக் குஞ்சுகள் நன்றாகக் குறைந்துவிட்டன. அந்த ஒரு மாதத்தை மட்டும் வைத்து எழுதியிருந்தால் இரண்டும் சமம் என்றே எழுதியிருப்பேன்.

வைகாசியில்தான் வித்தியாசம் தெரிந்தது. தலவாக்கலைப் பக்கம் தென்மேற்கு மழை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் வெளுக்கும், இரண்டு மணிக்கு மூடும், அப்புறம் விடாது. வேப்பெண்ணெய் இலையில் நாள்கணக்கில் நின்றால்தான் அதன் வேலை முடியும். காலையில் அடித்தது பின்னேரம் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி மழை. மூன்றாவது தடவை போத்தலில் பாதி முடிந்திருந்தது. வேம்பு நம் குளிரில் வளர்வதும் இல்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவில் குடியேறிய சித்தப்பா வீட்டில் இருந்து யாராவது வந்தால்தான் எங்களுக்கு நல்ல எண்ணெய். அதை மழைக்கு ஊற்ற மனம் வருமா?

சவுக்காரத்தின் கணக்கு வேறு. அது பூச்சியின் மெல்லிய தோலைக் கரைத்து, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற்றிக் கொல்கிறது. இலை ஈரமாக இருக்கும் வரைக்கும்தான் அதற்கு வேலை. காய்ந்த பிறகு அங்கே மருந்தே இல்லை. புத்தகத்தில் படித்தால் இது பெரிய குறை மாதிரித் தெரியும். நம் ஊரில் இதுதான் பலம். காலை ஏழு மணிக்கு மூட்டம் இருக்கும்போது அடித்தால் இலை சீக்கிரம் காயாது, மருந்துக்கு வேண்டிய நேரம் கிடைக்கிறது. பின்னேர மழை வந்தால் வரட்டும். வேலை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. மிச்சச் சவுக்காரத்தையும் மழையே கழுவிவிடுவதால் இலை கருகுவதும் குறைவு.

இன்னொன்று தண்ணி. சித்தப்பா வீட்டில் இதே முறையைச் செய்து பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். போன இடத்தில் நானே கலக்கிப் பார்த்தேன். நுரையே இல்லை, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து வாளியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம், அது சவுக்காரத்தைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் பீலித் தண்ணியில், அதாவது மலை ஊற்றில் இருந்து வரும் தண்ணியில், அதே கட்டியை இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் கை வழுவழுக்க நுரைக்கும். வேம்பு அவர்கள் முற்றத்தில் நிற்கிறது, சுண்ணாம்பு குறைந்த தண்ணி நம் மலையில் ஓடுகிறது. அவரவர் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

நான் கலக்கும் அளவு: துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியைச் சீவி 10 கிராம், ஒரு லீற்றர் தண்ணி. கொஞ்சம் சுடுதண்ணியில் முதலில் கரைத்து, ஆறவிட்டு, வடித்து ஸ்பிரே போத்தலில் ஊற்றுவேன். சவுக்காரத் தூள் போடக் கூடாது. அது வேறு சரக்கு, கொழுந்தைக் கருக்கும். முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கோவாவுக்குத் தொட்டுத் தொட்டு அடித்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. இலைமேல் இருக்கும் மெழுகுப் பூச்சும் கரைந்து போகும்.

அடிக்கும்போது இலையின் அடிப்பக்கம்தான் முக்கியம். இடது கையால் இலையை மடித்துப் பிடித்து, அந்தச் சாம்பல் திட்டு நனைந்து பச்சையாகத் தெரியும் வரை அடிக்க வேண்டும். வெறும் தண்ணி பூச்சிமேல் இருக்கும் மெழுகு மாவில் உருண்டு விழுந்துவிடும், சவுக்காரத் தண்ணி ஊறி உள்ளே போகும். படாத பூச்சி சாகாது. அசுவினிக்கு ஆண் துணையே தேவையில்லை, முட்டையும் இடாமல் குஞ்சாகவே போடும். அந்தக் குஞ்சு சூடான இடத்தில் ஒரு வாரம் பத்து நாளில் தானும் குஞ்சு போடத் தொடங்கும். குளிரில் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஆகவே ஒரு தடவையோடு விடாமல், நாலைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. சவுக்காரத்தில் இருக்கும் உண்மையான பாடு இந்தக் குனிவுதான். பத்துப் பதினைந்து கோவாவுக்குச் செய்யலாம். அரை ஏக்கர் கிழங்குக்கு நான் செய்து பார்த்ததில்லை, அங்கே கணக்கு மாறலாம். பண்டாரவளைப் பக்கமும் அப்படித்தான். அங்கே வைகாசியில் இவ்வளவு மழை இல்லை, வேம்பு கூடுதல் நாள் நிற்கும்.

ஒரு விடயத்தில் இரண்டிலும் சவுக்காரமே மோசம். பொறிவண்டின் குஞ்சு, கறுப்பில் செம்மஞ்சள் புள்ளியோடு சின்ன முதலை மாதிரி ஊர்ந்து போகுமே, அது ஒரு நாளைக்கு எத்தனையோ அசுவினியைத் தின்னும். சவுக்காரத் தண்ணி நேராகப் பட்டால் அதுவும் சாகும். அதனால் போத்தலை எடுக்கும் முன் ஒரு சுற்றுப் பார்க்கிறேன். குஞ்சு தெரிந்தாலோ, அசுவினிகளுக்கு நடுவே ஊதிப்போன, வெண்கல நிறக் கூடுகள் தெரிந்தாலோ அந்தச் செடியை விட்டுவிடுகிறேன். அந்தக் கூடுகள் ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்ட பூச்சிகள். அவற்றை இன்னொருவர் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கிறார். எறும்பு ஏறும் செடிக்கு மட்டும் தயவு கிடையாது. அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு காவல் நின்று பொறிவண்டை விரட்டும்.

மீதி அரைப் போத்தல் வேப்பெண்ணெய் வீணாகவில்லை. தக்காளிக்குப் பொலித்தீன் கூரை போட்டிருக்கிறோம், அங்கே மழை விழாது. ஒரு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், கலப்பதற்குத் துளி சவுக்காரக் கரைசல், அந்தியில் அடிக்கிறேன், வெயிலிலும் அது சீக்கிரம் கெடும் என்பதால். குளிருக்குப் போத்தலில் நெய் மாதிரி உறைந்திருக்கும். அடுப்பில் வைக்காதீர்கள், இளஞ்சூட்டுத் தண்ணியில் போத்தலை நிற்கவைத்தால் பத்து நிமிடத்தில் இளகிவிடும்.