கேமுக்கு வாய்ஸ் கொடுக்கப் போறீங்களா? பேமென்ட்டை நிறுத்தி வச்சுட்டு நீட்டுற ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க

டப்பிங், வாய்ஸ் ஓவர்ல இருக்குற எல்லாரும், முக்கியமா இப்ப புதுசா உள்ள வர்ற பசங்க பொண்ணுங்க, இதை முழுசா படிச்சுடுங்க. மொபைல் கேம்களுக்குத் தமிழ் வாய்ஸ் எடுத்துக் கொடுக்குற ஒரு கம்பெனி, அவங்களுக்கு சென்னையில ஆள் பிடிச்சுக் கொடுக்குற ஒரு கோஆர்டினேட்டர். புகார் நடந்துக்கிட்டு இருக்கிறதால ரெண்டு பேர் பேரையும் இங்க போட முடியல. ஆனா அவங்க எப்படிப் பண்றாங்கன்னு சொல்லிடுறேன், உங்களுக்கு அதே மாதிரி ஃபோன் வந்தா நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

நான் சாலிகிராமம், வடபழனி பக்கம் சீரியல் டப்பிங்கும் விளம்பர வாய்ஸும் பண்றவ. வீட்லயும் ஒரு சின்ன ரெக்கார்டிங் பூத் இருக்கு. ஒரு வாட்ஸ்அப் குரூப்ல நான் போட்ட சாம்பிளைக் கேட்டுட்டு அந்தக் கோஆர்டினேட்டர் தம்பி கூப்பிட்டான். "அக்கா, பெரிய கேம், தமிழ் வெர்ஷன் வருது, லீட் லேடி கேரக்டர், க்ளையன்ட்டுக்கு உங்க வாய்ஸ் ரொம்பப் பிடிச்சுப் போச்சு"ன்னான். செஷனுக்கு 6,000 ரூபா, ஒரு செஷன்னா ரெண்டு மணி நேரம், ரெக்கார்டிங் முடிஞ்ச 30 நாள்ல பணம். வாயால சொன்னா போதாது தம்பி, டைப் பண்ணி அனுப்புன்னு சொல்லி எல்லாத்தையும் மெசேஜா வாங்கி வச்சேன். இன்னைக்கு என் கையில இருக்குற ஆதாரமே அதுதான்.

படத்துக்கோ சீரியலுக்கோ பேசினவங்களுக்கு கேம் ரெக்கார்டிங் எப்படி இருக்கும்னு தெரியாது, அதனால சொல்றேன். முன்னாடி படம் ஓடாது. லிப் பார்த்துப் பேசுறது கிடையாது. ஒரு எக்ஸெல் ஷீட், அதுல ஃபைல் பேர், இங்கிலீஷ் வரி, தமிழ் வரி, அவ்வளவுதான். அந்தத் தமிழ் வரியும் மெஷின்ல போட்டு எடுத்த மாதிரி இருக்கும், பூத்துல நின்னுக்கிட்டே நாமதான் திருத்திப் பேசணும், அதுக்குத் தனிக் காசு கிடையாது. யாரைப் பார்த்துப் பேசுறா, எதிர்ல இருக்கிறது பெரியவரா சின்னப் பையனா, ஒண்ணும் தெரியாம ஒவ்வொரு வரிக்கும் மூணு டேக் கொடுக்கணும்.

அதுக்கப்புறம்தான் கத்துறது. அவங்க அதை 'எஃபர்ட்ஸ்'னு சொல்லுவாங்க. அடி வாங்குறப்ப வர்ற சத்தம், உயரத்துல இருந்து விழுறப்ப, தண்ணியில மூழ்குறப்ப, தீப்பிடிச்சு சாகுறப்ப, சின்னதா பெருசா இழுத்து, ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு விதம். பொதுவா இதை செஷனோட கடைசியில வைப்பாங்க, ஏன்னா இது முடிஞ்சா அன்னைக்கு வேற எதுவும் பேச முடியாது. இவங்க காலையிலயே கத்த விட்டுட்டு மத்தியானம் டயலாக் எடுத்தாங்க, ரெண்டு மணி நேரம்னு சொன்ன செஷன் சாயங்காலம் வரைக்கும் போச்சு, கேட்டா "ஸ்டுடியோ வாடகை நாள் கணக்குல கொடுத்திருக்கோம் மேடம், இன்னைக்கே முடிச்சுடலாம்"னு சொன்னாங்க. அது ஒரு நாளோட நிக்கல. ரெக்கார்டிங் முடிஞ்ச வாரத்துல எனக்குக் குரல் கட்டி காத்து மட்டும்தான் வந்துச்சு. ஈஎன்டி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துட்டு குரல் நாண் வீங்கியிருக்கு, பேசவே கூடாதுன்னுட்டாங்க. ரொம்ப நாளா நான் பேசிக்கிட்டு இருந்த ஒரு சீரியல் கேரக்டர் அதுல இன்னொருத்தங்களுக்குப் போயிடுச்சு. அவங்களைத் தப்பு சொல்லல, எபிசோட் நிக்காது. ஆனா அந்த வருமானம் போனது போனதுதான்.

அமெரிக்காவுல வாய்ஸ் ஆக்டர்ஸ் இதுக்காகவே சண்டை போட்டிருக்காங்க. சாக்-ஆஃப்ட்ராங்கற நடிகர்கள் யூனியன் 2016 அக்டோபர் 21ல ஆரம்பிச்ச ஸ்ட்ரைக் அடுத்த வருஷம் செப்டம்பர் வரைக்கும் போச்சு, அதுல அவங்க கேட்டதுல ஒண்ணு, கத்திக் கதறுற செஷனை 4 மணி நேரத்துல இருந்து 2 மணி நேரமா குறைக்கணும்ங்கறது. அப்ப அங்க 4 மணி நேர செஷனோட யூனியன் ரேட் 825 டாலருக்கு மேல. அவ்வளவு வாங்குறவங்களே தொண்டையைக் காப்பாத்த தெருவுக்கு வந்தாங்க. நமக்கு இங்க படம், சீரியல்னா யூனியன்னு ஒண்ணு இருக்கு, போய் நிக்க ஒரு ஆபீஸ் இருக்கு. கேமுக்கு நான் கேட்டுப் பார்த்த வரைக்கும் யார்கிட்டயும் ஒரு ரேட் கார்டு கூட இல்ல.

அதே ஸ்ட்ரைக்ல இன்னொண்ணும் கேட்டாங்க: கேம் 20 லட்சம் காப்பி தாண்டினா அதுல ஒரு பங்கு வேணும்னு. அது கிடைக்கல. அதுக்குப் பதிலா செஷன் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி ஒரு போனஸ் கிடைச்சுது, முதல் செஷனுக்கு 75 டாலர்ல ஆரம்பிச்சு 10 செஷனுக்கு 2,100 டாலரோட முடியும். ஏன் பங்கு கேட்டாங்கன்னு புரியணும்னா ஜிடிஏ 4ங்கற கேமோட கதையைப் பாருங்க. 2008ல வந்துச்சு, முதல் வாரத்துலயே 50 கோடி டாலர் வசூல். அதுல ஹீரோ நிக்கோ பெல்லிக்கா பேசி நடிச்ச மைக்கேல் ஹாலிக்குக்கு 15 மாசம் மாதிரி ஓடின வேலைக்கு மொத்தமா சுமார் 1 லட்சம் டாலர், அதுக்கப்புறம் எத்தனை காப்பி வித்தாலும் ராயல்டின்னு ஒரு காசு கிடையாது. சினிமாவுல, டிவியில நடிச்சிருந்தா மறு ஒளிபரப்புக்குப் பணம் வந்திருக்கும். கேம்ல ஒரு தடவை கொடுத்தா அதோட சரி. நம்ம ஊர்லயும் அதே பழக்கம்தான் வந்திருக்கு, ஆனா அந்த ஒரு தடவை கொடுக்குறதையே கொடுக்க மாட்டேங்குறாங்க.

என் பணத்துக்கு வரேன். 30 நாள் ஆச்சு. "க்ளையன்ட் அப்ரூவ் பண்ணணும்க்கா." அப்புறம் சில வரிகளை மறுபடி எடுக்கணும்னு கூப்பிட்டாங்க, பேசின காசே வரலையேன்னு கேட்டேன், "இதை முடிச்சாதான் இன்வாய்ஸ் க்ளோஸ் ஆகும்"னு சொன்னாங்க. அப்புறம் அக்கவுன்ட்ஸ்ல ஆள் மாறிட்டாங்க, அப்புறம் ஃபோன் எடுக்கல. 2023 ஜூலையில கென்ஷின் இம்பாக்ட் கேமுக்கு இங்கிலீஷ்ல பேசினவங்க மாசக்கணக்கா காசு வரலன்னு வெளிப்படையா சொன்னாங்க ஞாபகம் இருக்கா? அப்ப கேம் கம்பெனி, நாங்க ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு ஒழுங்கா கொடுத்துட்டோம்னு சொல்லுச்சு. பேசினவங்களுக்கும் காசுக்கும் நடுவுல எத்தனை பேர் நிக்கிறாங்களோ அத்தனை இடத்துல அது தங்கும். என் விஷயத்துல அது எங்க தங்குச்சுன்னு எனக்குத் தெரிஞ்சது வருமான வரி சைட்ல. ரிட்டர்ன் போடுறதுக்காக 26ஏஎஸ் (நம்ம பேர்ல யார் எவ்வளவு வரி பிடிச்சுக் கட்டியிருக்காங்கன்னு காட்டுற ஸ்டேட்மென்ட்) எடுத்துப் பார்க்குறேன், அந்தக் கம்பெனி என் பேர்ல 10% டிடிஎஸ், அதாவது சம்பளத்துல முன்கூட்டியே கழிக்கிற வரி, பிடிச்சுக் கட்டியிருக்கு! அதாவது எனக்குத் தரவேண்டிய தொகையை அவங்க கணக்குல செலவா எழுதிட்டாங்க, வரியும் கட்டிட்டாங்க, என்கிட்ட மட்டும் க்ளையன்ட் இன்னும் அப்ரூவ் பண்ணலன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பணம் வராம இழுத்தடிக்கிறாங்கன்னா முதல்ல 26ஏஎஸ் பாருங்க, அது அவங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மாதிரி.

நான் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பின மறுநாள் ஒரு மெயில் வந்துச்சு. "இணைப்பில் உள்ள ரிலீஸ் படிவத்தில் கையொப்பமிட்டால் 48 மணி நேரத்தில் தொகை விடுவிக்கப்படும்." தயவுசெய்து இந்த இடத்தை நிதானமா படிங்க, இந்தப் பதிவே இதுக்காகத்தான். அந்த ஃபார்ம்ல என் குரலையும் ரெக்கார்டிங்கையும் உலகம் முழுக்க, காலக்கெடு இல்லாம, இப்ப இருக்குற இனிமே வரப்போற எல்லா டெக்னாலஜியிலயும் பயன்படுத்தலாம், செயற்கையா குரல் உருவாக்குற சாஃப்ட்வேருக்குப் பயிற்சி கொடுக்கலாம், வேற கேமுக்கும் விளம்பரத்துக்கும் எடுத்துக்கலாம், அதுக்குத் தனியா பணம் கேட்க மாட்டேன்னு எழுதியிருந்துச்சு. தேதி, நான் முதல் நாள் பூத்துக்குள்ள போன தேதி. எப்பவோ முடிஞ்ச வேலைக்கு எனக்குச் சேரவேண்டிய காசை கையில வச்சுக்கிட்டு, வேலை எடுக்குறப்ப பேச்சே எழாத ஒண்ணை எழுதி வாங்கப் பார்த்தாங்க. நான் கையெழுத்து போடல.

ஏன் அந்தக் கையெழுத்துக்கு இவ்வளவு அலையுறாங்கன்னு வக்கீல்கிட்ட போனப்பதான் தெளிவாச்சு. நம்ம 1957 காப்பிரைட் (பதிப்புரிமை) சட்டத்துல, 2012 திருத்தத்துக்கு அப்புறம், குரல் கொடுக்குறவங்க உட்பட நிகழ்த்துறவங்களுக்குன்னு தனி உரிமை இருக்கு. அதை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கணும்னா எழுத்துல, நம்ம கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலன்னா 5 வருஷம்னு எடுத்துக்கணும், எந்த நாட்டுக்குன்னு எழுதலன்னா இந்தியா மட்டும்தான். அதனாலதான் 'காலக்கெடு இல்லாம', 'உலகம் முழுக்க' ரெண்டையும் அந்த ஃபார்ம்ல முதல் பத்தியிலயே போட்டிருக்காங்க.

அப்புறம் ஜனவரியில என் அக்கா பொண்ணு ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுப்பினா. கேம்ல பொங்கல் ஈவன்ட் வந்திருக்கு, அந்தக் கேரக்டர் பொங்கல் வாழ்த்து சொல்லுது. என் குரல். நான் அந்த வரியைப் பேசவே இல்ல. ஷீட்ல பொங்கல்ங்கற வார்த்தையே கிடையாது. 'வாழ்த்துகள்'ல ழகரம் லகரமா விழுது, நான் இத்தனை வருஷத்துல ஒரு மைக் முன்னாடி கூட அப்படி உச்சரிச்சது இல்ல. கேக்குறவங்களுக்கு அது நான்தான். அந்த ஃபார்ம்ல ஏன் பழைய தேதியைப் போட்டாங்கன்னு அப்ப புரிஞ்சுது. ஏற்கெனவே எடுத்துட்டதுக்கு அனுமதி வாங்க வந்திருக்காங்க.

இது எனக்கு மட்டும் நடக்குறது இல்ல. 2024 ஜூலை 26ல அமெரிக்காவுல மறுபடி ஸ்ட்ரைக் ஆரம்பிச்சதுக்கு முக்கியக் காரணமே ஏஐ தான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஸ்ட்ரைக்ல நின்னாங்க, 2025 ஜூன்ல ஸ்ட்ரைக்கை நிறுத்தி வச்சு ஜூலையில 95% பேர் ஓட்டுப் போட்டு புது ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டாங்க. சம்பளம் உடனடியா 15.17% ஏறுச்சு. ஆனா எனக்கு அதைவிட பெருசா பட்டது வேற: குரலை டிஜிட்டலா நகல் எடுக்கணும்னா முன்கூட்டியே சொல்லி சம்மதம் வாங்கணும், அப்படிச் சம்மதம் கொடுத்திருந்தாலும் பின்னால ஒரு ஸ்ட்ரைக் வந்தா அந்த நகலை வச்சு புதுசா எதுவும் பண்ணக்கூடாதுன்னு நிறுத்தி வைக்கலாம். இங்கயும் 2024ல அரிஜித் சிங் கேஸ்ல, அவர் குரலை ஏஐல நகல் எடுக்குறதுக்கு பாம்பே ஹைகோர்ட் இடைக்காலத் தடை போட்டுச்சு. அவர் பெரிய பாடகர், அவர் குரல் ஊருக்கே தெரியும், நம்ம குரல் தெரிஞ்சாலும் முகமும் பேரும் யாருக்கும் தெரியாது. நமக்கு இருக்குற பாதுகாப்பு போடாத கையெழுத்துதான்.

பணத்துக்கு நான் போன வழி எம்எஸ்எம்இ, அதாவது சிறு, குறு தொழில்களுக்கான சட்டம். நம்மள மாதிரி தனியா வேலை செய்யுறவங்க உத்யம்ங்கற அரசு சைட்ல இலவசமா பதிவு பண்ணிக்கலாம், நான் ஹோம் ஸ்டுடியோ போட்டப்பவே பண்ணியிருந்தேன். 2006 சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைக்கு மேல இழுக்க முடியாது, இழுத்தா ரிசர்வ் வங்கி ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பாக்கிப் புகாருக்கான அரசோட சமாதான் போர்ட்டல்ல புகார் போட்டிருக்கேன், கவுன்சில் நோட்டீஸ் போயிருக்கு. பதிவை வேலை எடுக்குறதுக்கு முன்னாடியே பண்ணி வச்சுக்கோங்க, பிரச்சனை வந்தப்புறம் பண்ணினா பழைய பாக்கிக்கு இதை வச்சுப் பேசுறது கஷ்டம்னு வக்கீல் சொன்னாங்க. பொங்கல் வரிக்குத் தனியா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாச்சு, இது வரைக்கும் பதில் இல்ல.

கேம் வேலை வந்தா எத்தனை வரி, எஃபர்ட்ஸ் எவ்வளவு நேரம், எந்த கேமுக்கு மட்டும், ஏஐக்கு உண்டா இல்லையா, மறுபடி எடுத்தா எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள பணம், இதெல்லாம் பூத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி மெயில்ல வாங்குங்க. "ஸ்டாண்டர்ட் ஃபார்ம்தான்க்கா, எல்லாரும் போட்டுட்டாங்க"ன்னு சொன்னா போட்டவங்க யாருன்னு கேளுங்க. என்கிட்ட அப்படிச் சொன்ன லிஸ்ட்ல இருந்த ரெண்டு பேர்கிட்ட நானே பேசினேன், ரெண்டு பேரும் போடல.

கடந்த ரெண்டு வருஷத்துல தமிழ், தெலுங்கு, மலையாளம் எதுல கேமுக்குப் பேசியிருந்தாலும், "48 மணி நேரத்தில் தொகை விடுவிக்கப்படும்"னு வரி இருக்குற மெயில் உங்களுக்கும் வந்திருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. கையெழுத்து போட்டுட்டவங்களும் பண்ணுங்க, பணத்தைப் பிடிச்சு வச்சு வாங்கின கையெழுத்து செல்லுமான்னு வக்கீல் பார்க்குறேன்னு சொல்லியிருக்காங்க. அந்த மெயிலை டெலீட் பண்ணிடாதீங்க.