மணல் குவியலா, மூட்டைக் கலவையா? மழைக்கு முன் வீட்டு வேலை

சென்னையில் மராமத்து என்றால் முதலில் தெருவில் மணல் இறங்கும், அதுவும் பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் வாயருகே. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் குவியலில் ஒரு பங்கு வடிகாலுக்குள் போய்விடும். பாதாளச் சாக்கடையில் போவதற்காவது பெருங்குடி, கொடுங்கையூர் என்று சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. மழைநீர் வடிகாலில் விழுந்தது அப்படியே கூவத்துக்கோ அடையாறுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போகிறது.

உதிரி எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணல், மலிவு. தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும் என்று மூட்டையில் வரும் ரெடிமிக்ஸ் பூச்சுக் கலவைக்கு விலை கூடுதல். ஒரு குளியலறை, ஒரு சுவர் என்றால் நான் மூட்டையைத்தான் சொல்வேன்: தேவைக்குப் பிரிக்கலாம், தெருவில் எதுவும் கிடக்காது. வீடு முழுக்கப் பூச்சு என்றால் மூட்டை கட்டுப்படியாகாது. மணலையே வாங்கி, தார்ப்பாய் போர்த்தி, அடியைச் சுற்றி ஒரு வரிசை செங்கல் வையுங்கள். தார்ப்பாய் மட்டும் போட்டால் தண்ணீர் அடிவழியாக மணலை அரித்துக்கொண்டு போகும்.

எந்தக் கலவை வாங்கினாலும் சாயங்காலம் பாண்டையும் கரணையையும் கழுவியாக வேண்டும். அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறோம். சிமென்ட் கழுவிய நீரின் பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும், அதாவது கடும் காரம். மீனுக்கு அது விஷம். ஒரு பழைய டிரம்மில் ஊற்றி வைத்தால் காலையில் தெளிந்திருக்கும். தெளிவை அடுத்த கலவைக்கு ஊற்றலாம், அடியில் இறுகியதை இடிபாட்டோடு அனுப்பலாம். கொத்தனார் முதல் நாள் முணுமுணுப்பார், அப்புறம் பழகிவிடும்.

பெயிண்டில் எனாமலா, எமல்ஷனா? வாடைக்கும் தின்னர் செலவுக்கும் பார்த்தால் எமல்ஷன்தான். ஆனால் 'தண்ணீர் பெயிண்ட்தானே' என்று அதைத்தான் கூசாமல் தெருவில் ஊற்றுகிறார்கள். அதிலும் நிறமி, பிசின், பூஞ்சை தடுக்கும் மருந்து எல்லாம் இருக்கின்றன. பிரஷ்ஷைப் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, பாதாளச் சாக்கடை இணைப்புள்ள குளியலறையில் கழுவுங்கள். எனாமல் பிரஷ் கழுவிய டர்பன்டைனை எந்தக் குழாயிலும் ஊற்றக் கூடாது. மூடியுள்ள டப்பாவில் தெளியவைத்தால் மறுபடி உதவும்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போது இன்னும் கவனம் வேண்டும். வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சுவரை உலர உரசினால் தூசி மூக்கில் ஏறும், குழாய் நீர் விட்டு உரசினால் வடிகாலில் இறங்கும். ஸ்பிரேயரில் லேசாக நனைத்து உரசுவதே நல்லது, கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து.