கால் மரத்துப்போனவர்களுக்கு ‘இலவச கரண்ட் சிகிச்சை’: கடலூரில் அப்பாவுக்கு நடந்தது

நேற்று ராத்திரி பண்ருட்டியிலிருந்து சித்தி போன் செய்தார். அவர் வீட்டுப் பக்கத்து மண்டபத்தில் கால் மதமதப்புக்கு இலவசமாகக் கரண்ட் வைக்கிறார்களாம். “உங்கப்பா கூடப் போனாரே, நல்லாருக்காடி?” என்று கேட்டார். அவரிடம் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் 11 வருஷமாக இருக்கிறது. (ஆலையையும் நோயையும் சேர்த்து அவர் அடிக்கும் ஜோக் ஒன்று உண்டு, ஊருக்கே தெரியும், விடுங்கள்.) ஒன்றரை வருஷமாக உள்ளங்கால் மரத்துப்போகிறது, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது, ராத்திரியானால் எறும்பு ஊர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயசுதானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஒருநாள் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் கடைக்குப் போனவர் ஒற்றைக் கால் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இன்னொன்று எங்கே கழன்றதென்று அவருக்கே தெரியவில்லை. அம்மா சிரித்தாள். நானும்தான். அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. அதற்குள் வாசலில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு டோக்கன். பிளாஸ்டிக் நாற்காலி நாற்பது, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் ஒட்டுகிற பேட். உள்ளங்காலில் ஒட்டி அரை மணி நேரம் உட்கார வேண்டும். காசு கிடையாது. கூடவே மைக்கில் பேச்சு. நான் புதுச்சேரியில் இருக்கிறேன், முத்தியால்பேட்டை. ஞாயிற்றுக்கிழமைதான் கடலூர் வருவேன். அப்பா தினமும் போனில், “சுர்ருனு ஏறுது பாப்பா, உசுரு வருது கால்ல” என்பார். வேலை பார்க்கும் பெண்கள் அவரை “அப்பா, அப்பா” என்றுதான் கூப்பிடுவார்களாம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வந்து நிற்கும் மகளுக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது?

கூடப் போன அம்மா ஒன்றைக் கவனித்திருக்கிறாள். கரண்ட் வைப்பதற்கு முன்னால் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பஞ்சால் தொடுவார்கள். “தெரியுதாப்பா?” “தெரியலம்மா.” அரை மணி கழித்து மறுபடியும் கண்ணை மூடச் சொல்லித் தொடுவார்கள். “இப்போ?” “தெரியுது, தெரியுது!” ஹால் முழுக்கக் கைதட்டல். இரண்டாவது தடவை தொட்டது பஞ்சு இல்லை. பால்பாயிண்ட் பேனாவின் மூடி. அழுத்தித் தொட்டார்கள். அம்மா இதை எங்களிடம் சொன்னது எப்போது தெரியுமா? எல்லாம் முடிந்த பிறகு. “அவர் சந்தோஷமா இருந்தார், கெடுக்க வேணாம்னு பார்த்தேன்” என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் அந்தப் பெட்டிக்கு விலை சொன்னார்கள். 34,000. இன்றைக்கு மட்டும் 26,500. நரம்பு திரும்ப முளைக்கும், ரத்த ஓட்டம் சரியாகும், ஆறு மாசத்தில் சர்க்கரை மாத்திரையையே மெல்லக் குறைத்துக்கொள்ளலாம். கடைசி விஷயத்தை வாயால்தான் சொன்னார்கள், நோட்டீஸிலோ ரசீதிலோ ஒரு எழுத்து இல்லை. பணத்தை அனுப்பியது நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போனில் ஸ்கேன் செய்தபோது கம்பெனி பெயர் வராமல் ஏதோ ஒரு ஆள் பெயர் வந்தது. ஒரு நொடி கை நின்றது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அனுப்பிவிட்டேன். ரசீது கையால் எழுதியது. ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா ஒரு நாளைக்கு மூன்று வேளை வைக்க ஆரம்பித்தார். ஹாலில் கரண்ட் அளவை எட்டாம் நம்பரில் வைப்பார்கள். இங்கே பத்து, பதினைந்து என்று ஏறி, ஐந்தாவது வாரம் முப்பத்து மூன்றில் நின்றது. சுர்ரென்று தெரிந்தால்தானே அவருக்குத் திருப்தி? பேட்டின் பசை காய்ந்து ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டது. புது பேட் 900 ரூபாய் என்பதால் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக்கொண்டார். ஒரு சாயங்காலம் அம்மா சிவப்பு சிமெண்ட் தரையில் ஈரத் தடம் பார்த்திருக்கிறாள். அடுப்படியிலிருந்து வாசல் வரை, இடது கால் மட்டும். கட்டை விரலுக்குக் கீழே எட்டணா அளவில் இரண்டு கொப்பளம். ஒன்று உடைந்து தோல் உரிந்து தொங்குகிறது. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலியே இல்லையாம்.

ஹாலுக்குப் போன் போட்டேன். “கெட்ட நீர் வெளியேறுதுங்க மேடம், குணமாகுறதுக்கு அடையாளம். நிறுத்திடாதீங்க” என்றார் ஒருவர். அந்தக் குரலில் ஒரு தயக்கம்கூட இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்தார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. பாதத்தில் பல இடங்களில் வைத்து வைத்துக் கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அவர் இழையை எடுத்த பிறகெல்லாம்கூட “தெரியுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் கற்ற பழக்கம். பிறகு ஒரு இசைக்கவையைத் தட்டிக் கட்டை விரல் எலும்பில் வைத்தார். அதிர்வே தெரியவில்லை. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9.4, ரொம்ப அதிகம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டு, ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவும் எடுக்கச் சொன்னார். 148. அந்த லேப் கணக்குப்படி 200க்கு மேல் இருக்க வேண்டும். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும், பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும். சர்க்கரையால் வந்த மதமதப்போடு இதுவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய விஷயம். இருபத்திரண்டு நாள் மைக்கில் பேசியவர்களில் ஒருவர்கூட அப்பாவிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

கரண்ட் வைப்பதே பித்தலாட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். தோல் மேல் பேட் ஒட்டி மெல்லிய மின்துடிப்பு கொடுப்பதை டென்ஸ் என்கிறார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் ஒரு கதவு இருக்கிறது, வேறு உணர்ச்சியைக் கொடுத்தால் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தலாம் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன கருத்திலிருந்து வளர்ந்தது அது. சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு டென்ஸைப் பரிசீலிக்கலாம், நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பலனில்லை என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2010இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வலியைத் தணிக்கத்தான். செத்த நரம்பை முளைக்க வைக்க இல்லை. அப்பாவுக்குச் சுர்ரென்று தெரிந்தது மெஷினின் கரண்ட். கால் உணர்ச்சி திரும்பியதாக அவர் நம்பினார், நம்ப வைத்தார்கள்.

இதைவிட முக்கியமாக அந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னது ஒன்று. பேட் வைப்பதற்கு முன், அந்த இடத்தில் கூர்மையும் மழுங்கலும் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அங்கே வைக்கக் கூடாது. நல்ல காலில் கரண்ட் கூடினால் நமக்கே வலித்து, பேட்டைப் பிடுங்கிவிடுவோம். மரத்த காலில் அந்த மணி அடிக்காது. பேட்டின் ஓரம் தூக்கிக்கொண்டால் மொத்தக் கரண்டும் ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் இறங்கித் தோலைச் சுடும். அப்பாவின் ரப்பர் பேண்ட் வைத்தியத்தில் நடந்தது அதுதான். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம், இதய டாக்டரிடம் கேட்காமல் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. அந்த ஹாலில் நாற்பது நாற்காலி. யாரிடமும் இதைக் கேட்டதாக அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

மதமதப்புக்குக் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. தைராய்டு, குடி, கழுத்து இடுப்புத் தட்டு விலகுவது, மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது, தொழுநோயின் உணர்ச்சியற்ற தேமல் என்று பட்டியல் நீளம். எல்லோருக்கும் ஒரே பெட்டி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். அப்போது 108தான், ஹால் இல்லை.

புண் ஆற ஒன்பது வாரம் ஆனது. அப்பா இப்போது பி12 ஊசி போட்டுக்கொள்கிறார், ராத்திரி எறும்பு ஊர்வது குறைந்திருக்கிறது என்கிறார், உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மையே எனக்குப் போதும்.

பணம்? ஹால் காலி. இப்போது அங்கே சேலைக் கண்காட்சி நடக்கிறது. நம்பர் சுவிட்ச் ஆஃப். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நாமே போகலாம். ஆனால் எதிர்தரப்பு யார் என்று எழுதத்தான் முகவரி வேண்டும்! சர்க்கரையையும் நரம்புக் கோளாறையும் குணப்படுத்துவதாக மருந்துக்கோ மந்திரத்துக்கோ விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954இலேயே சட்டம் இருக்கிறது. அந்த நோட்டீஸைத் தேடினேன். அம்மா அதில் கறிவேப்பிலை மடித்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். பிரித்துக் காய வைத்து, ரசீதோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அதே மாதிரி ரசீது உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.

மெஷின் பீரோ மேல் கிடக்கிறது. பாதி விலைக்காவது விற்றுவிடலாமே என்று அம்மா கேட்டாள். அப்பாதான் வேண்டாம் என்றார். “யார் வாங்குவா? என்னை மாதிரி கால் மரத்தவன்தான் வாங்குவான்.”