செய்தி எழுதச் சொன்னால் களத்தைக் கழுவச் சொன்னார்கள்

ஆத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. அப்பா காலத்தது. ‘ஜவ்வரிசியில் பிளாஸ்டிக்’ என்று ஒரு வீடியோ சுற்றியபோது அதில் எங்கள் மூட்டையும் ஓரமாகத் தெரிந்து தொலைத்தது. இரண்டு லாரி சரக்கு அப்படியே நின்றது. அப்போதுதான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் இருக்கும் மக்கள் தொடர்பு நிறுவனத்தைப் பிடித்தோம். ஆறு மாத ஒப்பந்தம், மாதம் 35 ஆயிரம். பெயரைப் போடவில்லை. போட்டி ஆலைக்காரர்களும் இதைப் படிப்பார்கள்.

அதற்கு முன்பே வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குப் பணம் அழுதிருந்தோம். சால்வை போட்ட படம் நாலு நாளிதழில் வந்தது. கடைசியில் ஒரு கோப்பு கொடுத்தார்கள்: இத்தனை சதுர சென்டிமீட்டர் செய்தி, விளம்பரமாகப் போட்டிருந்தால் இத்தனை லட்சம் என்று. ஃபேர்லேண்ட்ஸ் மேடம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். விளம்பரக் கட்டணத்தை வைத்து மக்கள் தொடர்பை அளக்கக் கூடாது என்று 2010லேயே பார்சிலோனாவில் இந்தத் துறைக்காரர்களே கூடி முடிவு செய்துவிட்டார்களாம்.

முதல் மூன்று வாரம் இவர்களும் ஒரு வரி எழுதவில்லை. தரகர்களிடமும் லாரிக்காரர்களிடமும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கோ கடுப்பு. அப்புறம் மேடம் கேட்டார்: “உங்க சரக்கை யாரு சார் சாப்பிடறாங்க?” எங்கள் சரக்கு பெரும்பாலும் மகாராஷ்டிரத்துக்குப் போகிறது. ஏகாதசி, நவராத்திரி விரதத்துக்கு அங்கே ஜவ்வரிசியில் செய்யும் சாபுதானா கிச்சடிதான். தமிழ் நாளிதழில் என் படம் வந்து அவர்களுக்கு என்ன? ஆக, திட்டத்தில் பாதி மராத்திக்கும் இந்திக்கும் போனது. மொத்த வியாபாரிகளுக்கு இரண்டு நிமிட வீடியோ. கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பால் எடுப்பது, தொட்டியில் மாவு படிவது, உருட்டுவது, வறுப்பது, களத்தில் காய்வது எல்லாம் அதில் வரவேண்டும்.

படம் எடுக்க வந்த பையன் களத்தைப் பார்த்துவிட்டு கேமராவைப் பையில் போட்டுவிட்டான். கிழிந்த தார்ப்பாய், அதன்மேல் ஒரு நாய். “முதல்ல களத்தைக் கழுவுங்க சார், அப்புறம் எடுக்கலாம்.” மூன்று நாள் வேலை போனது. கோபம் வந்தது உண்மை, நாய் படுத்திருந்ததும் உண்மை.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெரிதாகப் போடச் சொன்னேன். “அது ஊருக்குக் கிடைச்சது சார். உங்க மூட்டை சுத்தம்னு சொல்ல ஆய்வக அறிக்கைதான் வேணும்” என்று மறுத்துவிட்டார். பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கத் தாள் எழுதிக் கொடுத்தார்கள். யார் பேசுவது, எந்த அறிக்கையை எத்தனை மணி நேரத்தில் யாருக்கு அனுப்புவது, யார் வாயே திறக்கக் கூடாது என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரிசையில் ஒரே பெயர், என் மச்சான். வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டு வீடியோவை இன்னும் பரப்பியவர் அவர்தான்.

ஜனவரியில் அதே வீடியோ மறுபடி கிளம்பியது. தாளில் இருந்தபடி செய்தோம். அகோலா வியாபாரி மட்டும் போன் செய்து விசாரித்தார், அவ்வளவுதான். லாரி எதுவும் நிற்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இந்தி நோட்டீசில் ஆலையின் பெயரையே தப்பாக அடித்து 2,000 தாளும் குப்பைக்குப் போனது. மறு அச்சுக்குப் பாதிப் பணம் என் தலையில். ஜிஎஸ்டி தனி என்பதையும் பில் வந்த பிறகுதான் சொன்னார்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். அடுத்த ஆறு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஜிஎஸ்டியையும் சேர்த்து எழுதச் சொல்லி.