கோல்ட்பெர்க்கா, ரோமன் ரெய்ன்ஸா?

ரெஸ்லிங்கில் ஸ்பியர் என்றதும் சிலருக்குக் கோல்ட்பெர்க் நினைவுக்கு வருவார், சிலருக்கு ரோமன் ரெய்ன்ஸ். ஓடிவந்து தோளால் எதிராளியின் வயிற்றில் மோதிச் சாய்க்கும் அந்த அடியைப் பார்த்தாலே இருவரும் அமெரிக்க ஃபுட்பாலில் டிஃபென்ஸ் ஆடியவர்கள் என்று தெரிந்துவிடும். ஆடிய கல்லூரிகளும் ஒரே மாநிலம்தான். கோல்ட்பெர்க் ஜார்ஜியா பல்கலைக்கழகம், ரெய்ன்ஸ் ஜார்ஜியா டெக். அந்த இரண்டு அணிகளுக்கும் ஜென்மப் பகை வேறு.

ஃபுட்பாலில் கோல்ட்பெர்க்தான் மேல். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1990-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரை எடுத்தது. பிறகு அட்லாண்டா ஃபால்கன்ஸுக்காக, அமெரிக்காவின் பெரிய ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் ஆடினார். அடிவயிற்றுத் தசை கிழிந்ததோடு அது முடிந்தது. ரெய்ன்ஸ் கல்லூரி அணியின் கேப்டன்களில் ஒருவர். ஆனாலும் 2007 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. மினசோட்டா வைகிங்ஸ் சேர்த்துக்கொண்டதும் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அப்போது வயது 22. அப்புறம் கனடாவில் எட்மண்டன் அணிக்குச் சில ஆட்டங்கள், அவ்வளவுதான்.

ரெஸ்லிங்கில் கதை தலைகீழ். கோல்ட்பெர்க் 1997 செப்டம்பரில் டபிள்யூசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் நிறுவனத்தில் அறிமுகமானார். பத்தே மாதத்தில், 1998 ஜூலை 6 அன்று, ஜார்ஜியா டோமில் அப்போதைய சாம்பியன் ஹல்க் ஹோகனைச் சாய்த்து சாம்பியன். அது அப்போது ஃபால்கன்ஸின் சொந்த மைதானம்! ஸ்பியர், அப்புறம் எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி அடிக்கும் ஜாக்ஹேமர், முடிந்தது ஆட்டம். அந்த வேகம்தான் அவருடைய கவர்ச்சி, குறையும் அதுதான். நீண்ட ஆட்டத்தை நடத்தும் பக்குவம் அவருக்கு வரவில்லை. 1999 டிசம்பரில் அவர் விட்ட உதையில் சக வீரர் பிரெட் ஹார்ட்டுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டு, அடுத்த ஆண்டே ஹார்ட் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. 173 தொடர் வெற்றிகள் என்ற கணக்கையும் கொஞ்சம் ஊதிப் பெருக்கியதாகவே பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ரெய்ன்ஸுக்குக் குடும்பமே ரெஸ்லிங்; அப்பா சிகா, வைல்ட் சமோவன்ஸ் ஜோடியில் ஒருவர். 2012-ல் டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தில் ஷீல்ட் என்ற மூவர் குழுவோடு வந்தபோது கொண்டாடிய கூட்டம், நிறுவனம் கதையில் அவரை வலிந்து நாயகனாக்கியதும் எதிராகத் திரும்பிவிட்டது. முப்பது பேர் மோதும் ராயல் ரம்பிளில் 2015-ல் ஜெயித்தவரை, பழைய நட்சத்திரம் ராக் வந்து கையைத் தூக்கிப் பிடித்தும் ஃபிலடெல்ஃபியா கூட்டம் ஊளையிட்டது. 2018-ல் நோய் திரும்பியது; நான்கே மாதத்தில் மீண்டு வந்தார். அவருக்கு உண்மையில் விடிந்தது 2020-ல், வில்லனாக மாறியபோது. யுனிவர்சல் சாம்பியன் பட்டத்தை 1,316 நாட்கள் வைத்திருந்தார். அவசரமே இல்லாமல் நடப்பது, பேச்சை நிறுத்தி முறைப்பது, ஒரு ஆட்டத்துக்குள் ஒரு குடும்பச் சண்டையையே நடத்துவது என்று கோல்ட்பெர்க்கிடம் இல்லாத அத்தனையும் அவரிடம் இருந்தது. ஒரு ராத்திரி ஆரவாரம் போதும் என்றால் கோல்ட்பெர்க்கைப் பாருங்கள். வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்க, என் ஓட்டு ரெய்ன்ஸுக்கு.

இருவரும் டபிள்யூடபிள்யூஇயின் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 2020-லேயே மோதியிருக்க வேண்டியது. கொரோனா பயத்தால் ரெய்ன்ஸ் விலகிவிட்டார். 2022 பிப்ரவரியில் சவூதியின் ஜெத்தாவில் ஒருவழியாக மோதி, கழுத்துப் பிடியில் ரெய்ன்ஸ் ஜெயித்தார். கோல்ட்பெர்க்குக்கு அப்போது 55 வயது என்பதால் அதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.